தூண்டுதல் ஏதுமின்றி

பிரஸ்ஸல்ஸிலிருந்து ப்ரூஜ் நகரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அத்தை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பச்சை வயல், நேர்கோட்டில் நட்ட மரங்கள், வேலிக்குள் மாடுகள். "மாடு எல்லாம் கொழுத்து நிக்குது. மேய்க்க ஒரு ஆளையும் காணல்லியே மக்ளே" என்றார். அவருடைய மடியில் ஃபிளாஸ்க். என் பையில் இரண்டு மழைச்சட்டை, ஏத்தங்காய் சிப்ஸ், மாத்திரை டப்பா. பைக்குள் ஜிப் வைத்த உள்ளறையில் நான்காக மடித்த சில தாள்கள்.

அத்தை என்னிடம் வந்து நான்கு வாரமாகியிருந்தது. அறுபத்தாறு வயதில் முதல் பாஸ்போர்ட், முதல் விமானம். ஊருக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது, ஏப்ரல் தொடக்கத்தில், மூன்று நாள் விடுப்பெடுத்து அவரை ப்ரூஜுக்குக் கூட்டிப்போனேன். அலுவலகத்தில் வசந்த விடுமுறை என்று சொன்னேன். அத்தையிடம் பழைய தேவாலயங்கள் உள்ள ஊர் என்று சொன்னேன். அப்பாவிடம் மட்டும்தான் உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தேன்: "அங்க வச்சுப் பேசிடறேன்."

அந்தத் தாள்கள் ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகல். எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் ஒழிமுறி என்பார்கள். தாத்தா கட்டிய வீடும் அதைச் சுற்றியுள்ள இருபத்திரண்டு சென்ட் நிலமும் விலைக்குப் போகவிருந்தன. அப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்திடத் தயார். அத்தை தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். "அவ எங்க போவா, நம்ம கூடத்தானே இருப்பா. நீ சொன்னா கேப்பா" என்று அப்பா சொல்லி, நகலை எனக்கு அனுப்பியிருந்தார். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கமான ஒரு வரி இருந்தது. யாருடைய வற்புறுத்தலோ தூண்டுதலோ இன்றி, முழு மனதுடன் எழுதிக்கொடுப்பதாக. அந்த வரியை ரயிலில் நினைத்துப் பார்த்தேன். தூண்டுவதற்காகத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

*

ப்ரூஜ் ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். மின்னெவாட்டர் என்ற ஏரியைக் கடந்தால் அன்னங்கள் மிதக்கும் கால்வாய், அதன் மேல் வளைவுப் பாலம், பாலத்தின் மறுமுனையில் ஒரு வாசல். வாசலின் மேல் 1776 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. கூடவே பிரெஞ்சில் ஒரு சொல், 'ஸோவ்கார்ட்'. காப்பு, அடைக்கலம் என்று பொருள்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் நின்றுபோனது. பெரிய புல்வெளி, அதில் உயரமான மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. இலை இன்னும் முழுதாக விடவில்லை. மரங்களுக்கடியில் ஆயிரக்கணக்கில் மஞ்சள் டாஃபடில் பூக்கள். புல்வெளியைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையடித்த சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு. குளிர்காற்று அடித்தது, பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் தூறல். அத்தை முக்காட்டை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"கொள்ளாம். இதெல்லாம் ஆருக்க வீடு மக்ளே?"

"பொம்பளைங்க வீடு, அத்தே."

"கன்னியாஸ்திரி மடமா?"

"இப்ப கன்னியாஸ்திரிகள் இருக்காங்க. முன்னால இருந்தவங்க கன்னியாஸ்திரி இல்ல. கல்யாணமும் பண்ணிக்காதவங்க."

அத்தை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் வீடுகளைப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண்களுக்குப் பெகின்கள் என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, வட பிரான்ஸ் பகுதிகளில் நகரங்கள் வளர்ந்தபோது தோன்றியவர்கள். ஜெபமும் எளிய வாழ்வும் அவர்களுக்கு இருந்தன. ஆனால் துறவியரைப் போல வாழ்நாள் வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. வேண்டாமென்றால் வெளியேறலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். சொத்தைத் துறக்க வேண்டியதில்லை. கம்பளி நெய்தும், துணி வெளுத்தும், நோயாளிகளைப் பார்த்தும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதித்தார்கள். ப்ரூஜில் இந்த வளாகம் 1245-ல் நிறுவப்பட்டது. அதற்கு ஆதரவளித்த ஃபிளாண்டர்ஸ் சீமாட்டி மார்கரெட்டும் ஒரு பெண் ஆட்சியாளர்தான். 1927-ல் வளாகம் பெனடிக்டின் சபைச் சகோதரிகளின் கைக்கு வந்தது. அவர்களோடு, மணம் செய்துகொள்ளாமல் வாழ முடிவெடுத்த ப்ரூஜ் நகரத்துப் பெண்கள் சிலரும் இன்றும் அங்கே வசிக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். அத்தையை இங்கே கூட்டிவர வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் காரணம். கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரு பரிசு கொடுக்க நினைத்தேன் போல.

மாலை ஆறரைக்கு வாசலை மூடிவிடுவார்கள். நாங்கள் வெளியேறிப் பாலத்தில் நின்றபோது பின்னால் கதவு சாத்தப்பட்டது. "சாவி ஆருக்கிட்ட இருக்கு?" என்று அத்தை கேட்டார். சகோதரிகளிடம்தான் இருக்கும் என்றேன். "அப்பம் சரி" என்றார்.

*

அத்தைக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்பது எங்கள் வீட்டில் ஓர் ஐதீகம். நான் பிறப்பதற்கு முன்பே அது நிலைத்துவிட்டது. அவருக்கு இருபத்துநாலு வயதில் ஒரு சம்பந்தம் கூடிவந்து நின்றுபோனதையும், அதே ஆண்டுதான் சித்தப்பா வளைகுடாவுக்குப் போகப் பணம் கட்டியதையும் என் முப்பதுகளில்தான் ஒரு பெரியம்மா வழியாக அறிந்தேன். அந்த இரண்டையும் சேர்த்துப் பேசியவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. அத்தை முந்திரி ஆலையில் வேலை செய்தார். சாயங்காலம் லேஸ் பின்னினார். தாத்தாவையும் பாட்டியையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். என் பள்ளிக்கூடக் கட்டணத்தில் பாதி அவருடைய பணம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறை வாசற்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே கிறிஸ்தவர்களுக்கு 1916-ல் ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதற்கும் ஸ்ரீதனம் என்றுதான் பெயர். கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் திருவிதாங்கூர் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது, 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது நீதிமன்றம். அந்தச் சட்டத்தில் மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது.

எங்கள் தாத்தா 1979-ல் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டியும் போன பிறகு வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அத்தையுடையது. அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்பதே அதற்குச் சாட்சி. ஆனாலும் எங்கள் வீட்டில் பேச்சு அந்தப் பழைய சட்டத்தின்படிதான் நடந்தது. மகளுக்குச் சேர வேண்டியது சீதனம். சீதனம் கல்யாணத்துக்கு. கல்யாணம் ஆகாதவளுக்கு அதுவும் இல்லை. அப்பா கெட்டவர் அல்ல. தங்கைக்குச் சாகும்வரை சோறு போடுவார். அதை உரிமை என்று சொன்னால்தான் அவருக்குக் கோபம் வரும்.

*

இரண்டாம் நாள் காலை நோட்ர டாம் தேவாலயம், அதாவது அன்னை மரியாள் கோவில். மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மாதாவும் குழந்தையும் அங்கே பளிங்கில் இருக்கிறார்கள். மாதா குழந்தையைப் பார்க்கவில்லை, கண்களைத் தாழ்த்தி வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தை செபமாலையை எடுத்து உருட்டினார். பிறகு, "பிள்ளை எறங்கி ஓடப் பாக்குது, இவ தடுக்கல்ல" என்றார். உண்மைதான். குழந்தை ஏசு அவள் முழங்கால்களுக்கிடையில் கீழே இறங்குவதுபோல் நிற்கிறார்.

அதே கோவிலில் பர்கண்டி இளவரசி மேரியின் கல்லறையும் இருக்கிறது. பொன்முலாம் பூசிய உருவம், காலடியில் ஒரு நாய். 1477-ல் தகப்பன் போரில் செத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, ஒரே வாரிசு. பிரான்ஸ் அரசன் உடனே வந்து பர்கண்டி நிலத்தைப் பிடித்துக்கொண்டான். மீதி நிலத்தைக் காப்பாற்ற அவள் அவசரமாக ஆஸ்திரிய இளவரசன் மாக்ஸிமிலியனை மணந்தாள். 1482-ம் ஆண்டு மார்ச் மாதம், வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள். வயது இருபத்தைந்து. நிலம் கணவன் வீட்டு வம்சத்துக்குப் போனது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "நாயி மட்டும் கூட நிக்குது" என்றார்.

மத்தியானம் லேஸ் மையத்துக்குப் போனோம். கடல்வழி தூர்ந்து வணிகம் போன பிறகு ப்ரூஜ் ஏழை நகரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் லேஸ் பின்னித்தான் வீட்டில் அடுப்பெரித்தார்கள். இன்று அந்த மையத்தில் சாயங்காலங்களில் முதிய பெண்கள் உட்கார்ந்து பின்னிக் காட்டுகிறார்கள். மடியில் கெட்டித் தலையணை, அதில் குத்திய வரைபடத்தாள், நூற்றுக்கணக்கில் குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை அறை முழுக்க இருந்தது.

அத்தை அந்த ஓசையைக் கேட்டதும் நேராக ஒரு பாட்டியின் பக்கத்தில் போய் நின்றார். மொழி தெரியாது. தன் இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் கட்டைகளைக் குறுக்கே மாற்றிக் காட்டினார். பாட்டி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அத்தை உட்கார்ந்து ஒரு நிமிடம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு கைகள் தாமாக ஓடத் தொடங்கின. குறுக்கே மாற்று, முறுக்கு, ஊசி குத்து. இரண்டு விரல் நீளம் பின்னிவிட்டுத்தான் நிமிர்ந்தார். சுற்றி நின்ற சுற்றுலாப் பயணிகள் கைதட்டினார்கள். அத்தை வெட்கப்பட்டு எழுந்துவிட்டார்.

நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. ப்ரூஜுக்குப் பக்கத்து ஊரான ரூசலாரேயில் பிறந்த மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற கன்னியாஸ்திரி 1897-ல் எங்கள் முளகுமூட்டுக்கு வந்து இறங்கினார். அநாதைப் பெண்களுக்கு இல்லம் நடத்தினார். அவர் தொடங்கிய சபைச் சகோதரிகள் வழியாகத் தையலும் லேஸும் எங்கள் பக்கத்துப் பெண்களின் கைக்கு வந்தன. அத்தை பன்னிரண்டு வயதில் கற்றது இந்த ஊர்க்காரப் பெண்களின் தொழில்.

திரும்பி வரும்போது அத்தை மெதுவாகச் சொன்னார். "மடத்துல சிஸ்டர் எனக்கிட்ட கேட்டாங்க, சபையில சேருதியான்னு. பதினெட்டு வயசு. எனக்குப் போக மனசில்ல."

"ஏன் அத்தே?"

"எனக்க வீட்ட விட்டுட்டு எதுக்குப் போணும்?"

எனக்க வீடு என்றார். ஜிப் வைத்த உள்ளறை என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. அன்றிரவும் நான் வாய் திறக்கவில்லை.

*

பெகின்களின் கதையை நான் அழகாக்கிவிடக் கூடாது. வசதியுள்ள பெகினுக்குத் தனி வீடு, ஏழைப் பெகின்கள் ஒரே கூரைக்குக் கீழே கூட்டமாக வாழ்ந்தார்கள். ஒழுக்க விதிகள் கடுமை. தலைவிக்குக் கீழ்ப்படிய வேண்டும். 'காப்பு' என்று வாசலில் எழுதியிருப்பதும் எளிதான சொல் அல்ல. 1299-ல் இந்த வளாகத்தைத் தன் நேரடிப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டவன் பிரான்ஸ் அரசன் நான்காம் பிலிப். பதினொரு ஆண்டு கழித்து, 1310 ஜூன் 1-ம் தேதி, அதே அரசனின் தலைநகரான பாரிஸில் மார்கரீத் பொரேத் என்ற பெகினை உயிரோடு எரித்தார்கள். கடவுளின் அன்பைப் பற்றி மக்கள் பேசும் பிரெஞ்சு மொழியில் புத்தகம் எழுதியதும், அதைத் திரும்பப் பெற மறுத்ததும் அவள் குற்றம். விசாரணையில் அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் வியன் திருச்சங்கம் பெகின் வாழ்க்கை முறையையே கண்டித்தது. அவளுடைய புத்தகம் மட்டும் பெயரில்லாமல் கைமாறிக்கொண்டே இருந்தது. அதை எழுதியவள் அவள்தான் என்று 1946-ல் ரொமானா குவார்னியெரி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார்.

அடங்கி இருந்தால் காப்பு, இல்லையென்றால் நெருப்பு. காப்பவரே எல்லையையும் போடுவார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எரிக்கவில்லை. ஆனால் "சாகும்வரை நாங்க பாத்துக்குவோம்" என்ற வாக்கியத்தையும் அதற்குக் கைம்மாறாகக் கேட்கும் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு, படுக்கையில் புரண்டபடி இதைத்தான் யோசித்தேன்.

*

மூன்றாம் நாள் காலை அத்தையே கேட்டார்: "அந்த வெள்ளை வீட்டுக்கு இன்னொரு மட்டம் போவமா?"

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெகின் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சிறிய கட்டணம். சமையலறை, படுக்கை அறை, கிணற்றோடு ஒரு குட்டி முற்றம். சமையலறையில் ஓர் அலமாரி. மேல் தட்டில் பாத்திரம், நடுவில் இழுத்தால் வெளியே வரும் ஒரு பலகை. அந்தப் பலகைதான் சாப்பாட்டு மேசை. ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுமளவு அகலம்.

அத்தை அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்தார். தொடக்கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு உள்ள மேசை" என்றார்.

வெளியே வந்து பாலத்தைக் கடந்து, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு ஜிப்பைத் திறந்தேன். பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தாள்களை அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தின் இரண்டு வரியைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வருமின்னு எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்துத் தந்தப்பமே தெரியும். ஒனக்க அப்பன் சும்மா காசு செலவழிக்க மாட்டான்."

விமான டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் அப்பா கொடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார். இத்தனை வயதில் அத்தை என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரைச் சம்மதிக்கவைக்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அவருடையது, கையெழுத்து போட்டால் போய்விடும் என்றும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. பத்து நாளாக இந்தத் தகவல் என்னிடம் இருந்தது. அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அத்தை தேநீரைக் குடித்து முடித்தார். ஓர் அன்னம் கரையேறி வந்து எங்களைப் பார்த்துச் சீறிவிட்டுப் போனது.

"ஒப்பு போட மாட்டேன்னு நான் சொல்லல்ல. எனக்கிட்ட கேக்கட்டும். அண்ணனும் தம்பியும் நேர்ல வந்திருந்து கேக்கட்டும். ஒன்ன எதுக்கு அனுப்புதான்?" சற்று நேரம் கழித்து, "நீயும் எதுக்கு வந்த?" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பெண்ணியக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். மேரி ராய் வழக்கைப் பற்றிப் பிறருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் அப்பா சொன்னதும் அந்தத் தாள்களை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பாவைப் பகைத்துக்கொள்ளப் பயம். அத்தை பாசத்தால் சம்மதித்துவிடுவார், யாருக்கும் மனக்கசப்பு வராது என்ற சௌகரியம். குடும்பங்களில் பெண்ணின் பங்கைப் பறிப்பது எப்போதும் ஆண்கள் நேரில் செய்யும் காரியமாக இருப்பதில்லை. அவள் மறுக்க முடியாத ஒருத்தியைத் தேடி அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்.

*

ஊருக்குப் போன அத்தை கையெழுத்துப் போடவில்லை. விற்பனை நின்றது. அப்பா என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. சித்தப்பா வந்து சத்தம் போட்டார், சித்தி அழுதார், பங்குச் சாமியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து சமாதானம் பேசினார். "இத்தனை வயசுக்கு மேல ஒனக்கு எதுக்கு சொத்து?" என்ற கேள்வியை எல்லோரும் ஆளுக்கு ஒரு முறை கேட்டார்கள். அத்தை ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: "எனக்குக் கதவு வேணும்."

பங்கு முழுவதும் அவர் கேட்கவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. சமையலறையும் வடக்குப் பக்க அறையும் கிணறும் சேர்ந்த ஐந்து சென்ட்டைப் பாகப்பிரிவினை எழுதி வாங்கிக்கொண்டார். வடக்குச் சுவரில் தனி வாசல் வைத்தார். மீதியை விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பங்கைவிடக் குறைவுக்கு ஒத்துக்கொண்டீர்களே என்று நான் தொலைபேசியில் கோபப்பட்டேன். "ஒனக்கு மூணுல ஒண்ணு கணக்கு. எனக்கு இவங்க மொகத்துல முழிக்கணும் மக்ளே" என்றார். அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெகின்களில் கடைசியானவர் என்று சொல்லப்பட்ட மார்செல்லா பாட்டின், 2013-ல் கோர்ட்ரைக் நகரில் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். அந்தச் செய்தியை அத்தையிடம் ஒருநாள் சொன்னேன். "அவளுக்க வீடு என்ன ஆச்சு?" என்பதுதான் அவர் கேட்டது.

போன வாரம் அத்தை அழைத்திருந்தார். வீட்டுவரி ரசீது அவர் பெயரில் வந்துவிட்டது. பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்களாம். இனிஷியலும் தாத்தாவுடையது இல்லையாம். "நாளைக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போறேன். திருத்தித் தராம வர மாட்டேன்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "இரு, ஆருன்னு பாத்துட்டு வாறேன்" என்று போனை வைத்துவிட்டுப் போனார்.